நான்காம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவில்

ரங்கூனில் எஞ்சினியர் ஐயாவின் ஓராண்டு நினைவு நாளில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'பெரியவர் பேரைச் சொல்ல வைப்பது கட்டிய பாலமா, கட்டிக்காத்த குடும்பமா?' 'குடும்பமே' அணியில் கடைசியாகப் பேசியவரின் உரை.

நடுவர் அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் பாலத்துக்காரர்களுக்கும், என் பக்கத்துக் குடும்பஸ்தர்களுக்கும், பின்கட்டில் மொய்ங்கா கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம். வணக்கம் அவ்வளவுதான். மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று கேட்டேன், எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மைக் உயிரோடு இருக்கும்போதே ஒரு கதையாவது சொல்லிவிட வேண்டும்.

ஐயா 1931இல் பிறந்தவர். 94 வயது வாழ்ந்து, ஐந்து பிள்ளைகளையும் பதினேழு பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போனவர். பொங்கலுக்குப் பொங்கல் இதே மண்டபத்தில் முதல் வரிசையில் உட்காருவார். பேச்சாளர் நேரம் தாண்டினால், மணி அடிப்பவர் மறந்தாலும் ஐயா மறக்க மாட்டார். கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டுவார். என்னை மட்டும் ஏழு பொங்கலில் தட்டியிருக்கிறார். "நான் போனால் ஒப்பாரி வேண்டாம்டா, ஒரு பட்டிமன்றம் வையுங்கள். நான்தான் இருக்க மாட்டேனே, நீ இஷ்டத்துக்குப் பேசலாம்" என்று என்னிடமே சொன்னார். ஆகவே நடுவர் அவர்களே, இன்றைக்கு எனக்கு மணி அடிக்கும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. பெரியவர் உத்தரவு.

எதிரணித் தலைவர் பாலத்தைப் பற்றி நன்றாகவே சொன்னார். ஐராவதிக்குக் குறுக்கே, மாண்டலேக்கும் சகாயிங்குக்கும் நடுவில் ஆவா பாலம். 1934இல் வெள்ளைக்காரன் கட்டியது, 16 கண், அதாவது தூணுக்குத் தூண் நீளும் 16 பகுதி. 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பின்வாங்கிய அதே வெள்ளைக்காரன் இரண்டு கண்களை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனான். 1954இல் சரிசெய்து திறந்தார்கள். அந்த வேலையில், ரங்கூன் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் முடித்த கையோடு, 23 வயதில் நம் ஐயா போய் நின்றார். எல்லாம் உண்மை, மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு திருத்தம். தலைப்பில் 'கட்டிய பாலம்' என்று போட்டிருக்கிறீர்கள். கட்டியது வெள்ளைக்காரன், உடைத்ததும் அவனே. ஐயா ஒட்டியவர். உடைந்ததை ஒட்டுகிற வேலைக்குப் பேர் என்ன, குடும்பம் நடத்துவதுதானே?

கைதட்டாதீர்கள், இது சும்மா வார்த்தை விளையாட்டு. உண்மையைச் சொன்னால் தலைப்பில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் குடும்பம் வந்தது. பாலம் வந்திருந்தால் இதே தொண்டையோடு பாலத்துக்குப் பேசியிருப்பேன். நான் இங்கே ஏறியது தொட்டில் கதையைச் சொல்ல. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் அதிகம் சிரிக்கப் போகிறீர்கள்.

1981. ஐயாவுக்கு 50 வயது. மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம், ஆண் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் இதோ இரண்டாவது வரிசையில் தலைமுடி கொட்டி உட்கார்ந்திருக்கிறார். ஐயா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். பிறந்தபோது இவர் இரண்டு வீசை. தமிழ்நாட்டுக் கடையில் போய் இன்று வீசை என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள், அங்கே கிலோ வந்து அதை விழுங்கிவிட்டது. நம் பர்மாச் சந்தையில்தான் மீனும் வெங்காயமும் இன்னும் வீசைக் கணக்கில் போகின்றன. பர்மியர் பெய்த்தா என்பார்கள், நாம் வீசை. ஒரு கிலோ அறுநூறு கிராமுக்குச் சற்றுக் கூட. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

பேர் வைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. முந்தின நாள் சம்பந்தி வீட்டார் மோல்மீனிலிருந்து வருகிறார்கள். அப்போது சால்வின் ஆற்றுக்கு அங்கே பாலம் கிடையாது. படகில் ஆற்றைத் தாண்டி மர்த்தபான் வந்து, அங்கே ரயில் ஏறி, ரங்கூன் வர வேண்டும். அதற்குள் ஐயா தொட்டில் கட்டுகிறார். உத்தரத்தில் புதுக் கொக்கி, புதுக் கயிறு, அவர் மனைவி எஞ்சினியரம்மாவின் பழைய சேலை. நீங்களும் நானும் என்ன செய்வோம்? கட்டுவோம், இரண்டு இழு இழுத்துப் பார்ப்போம், பிள்ளையைப் போடுவோம். ஐயா எஞ்சினியர் ஆயிற்றே. பாலத்தைத் திறந்துவிடுவதற்கு முன் எஞ்சினை ஏற்றி நிறுத்தி, எவ்வளவு தொய்கிறது என்று அளந்து பார்ப்பது வழக்கம். தொட்டிலும் தொங்கும் பாலம்தானே?

முதலில் அம்மிக் குழவியைப் போட்டார், அளந்தார். அப்புறம் அம்மியையே போட்டார், அளந்தார். அப்புறம் ஓர் அரிசி மூட்டை, 30 வீசை. சேலை கீழே தொய்ந்தது. மூட்டையை எடுத்ததும் எவ்வளவு மேலே வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். பிள்ளை இரண்டு வீசை, தாங்கியது 30 வீசை, பதினைந்து மடங்கு. போதாதா? போதாது. எஞ்சினியரம்மா கேட்டார்களாம், "இன்னும் என்னங்க?" ஐயா சொன்னாராம், "மூட்டை உதைக்காது. பிள்ளை உதைக்கும். நிற்கிற பாரம் வேறு, ஆடுகிற பாரம் வேறு."

சரி, உதைக்கிற பாரத்துக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த உதைக்கிற பாரம் ஒன்றே ஒன்று. 40 வீசை எடையுள்ள ஐயா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, தொட்டிலுக்குள் ஏறி உட்கார்ந்தார். "ஆட்டு" என்றார். எஞ்சினியரம்மா ஆட்டினார்கள். ஐயா கையையும் காலையும் உதைத்தார்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது.

நடுவர் அவர்களே, இதில் ஒரு நுட்பம் உண்டு. சம்பந்தி வீட்டார் வருவது ஐயாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் கிட்டத்தட்ட முப்பது வருஷ ரயில்வேக்காரர். மர்த்தபான் ரயில் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று கணக்குப் போட்டு, அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று இருந்தார். அவர் வாழ்நாளில் ஒரே ஒரு கணக்கு தப்பியது. அன்றைக்குப் பார்த்து ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது!

சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். இப்போது இதையே சம்பந்தியம்மா பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அவர்கள் கையில் வெள்ளி அரைஞாண், பழத்தட்டு, ஒரு கூடை மோல்மீன் டுரியான். பேரனைப் பார்க்கப் போகிறோம் என்ற முகம். உள்ளே வந்தால் தொட்டில் ஆடுகிறது. நல்லது. தொட்டிலிலிருந்து இரண்டு கால் தெரிகிறது, சந்தோஷம்தான். காலில் முடி இருக்கிறது. சம்பந்தியம்மா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை எங்கே?" பதறிப்போன எஞ்சினியரம்மாவின் வாயில் வந்த பதில், "இதோ, இதுதான்."

ஐயா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஐராவதிக்கு மேலே எத்தனையோ அடி உயரத்தில் இரும்புச் சட்டத்தில் ஏறி இறங்கின மனுஷன் தொட்டிலிலிருந்து இறங்கத் தெரியாமல் சிக்கிக்கொண்டார். சேலை அவரைப் பலாச்சுளை மாதிரி மூடிக்கொண்டது. அதற்குள்ளிருந்து இரண்டு கை மட்டும் வெளியே வந்து கும்பிட்டது: "வாங்க சம்பந்தி, வாங்க, பிரயாணம் சௌகரியமா?" சம்பந்தி ஐயா நிதானமான ஆள். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பேர் வைக்கத்தான் வந்தோம். யாருக்கு என்று சொல்லிவிட்டால் தேவலை."

மூன்றாவது தடவை இதை ரயில்வேக்காரர்கள் சொல்லும் விதத்திலும் சொல்லலாம். இன்செயின் ஒர்க்‌ஷாப்பில் அந்தக் கதை போய்ச் சேர்ந்தபோது தொட்டிலில் ஐயாவோடு இரண்டு ஃபோர்மேன்களும் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சினியரம்மா ரயில் கார்டு மாதிரி பச்சைக் கொடி காட்டினார்களாம். நடுவர் முகத்தைப் பார்த்தால் அது வேண்டாம் என்று தோன்றுகிறது. விட்டுவிடுகிறேன்.

அந்தக் கொக்கி இன்னும் அந்த உத்தரத்தில் இருக்கிறது. பதினேழு பேரப்பிள்ளைகளும் அதில் ஆடினவர்கள்தான். அத்தனை பிள்ளைக்கும் ஏறி உட்கார்ந்து பார்த்தாரா என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் கயிறு புதுசுதானே?" என்றார்.

இப்போது அக்காவிடம் வருகிறேன். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆசிரியை, எனக்கு அக்கா முறை. என் பிள்ளைக்கு உயிர்மெய் எழுத்து சொல்லிக் கொடுத்தவர்கள் என்பதால் பயந்துதான் பேச வேண்டும். அக்கா என்ன சொன்னார்கள்? "மழைக்காலம் முழுக்கப் பாலத்தில், வெயில் காலம் முழுக்க லைனில். வீட்டில் இருந்த நாளை எண்ணிப் பார்த்தால் அவர் குடும்பத் தலைவரா, மாசத்துக்கு ஒருதரம் வந்துபோன மாப்பிள்ளையா?" நன்றாகத்தான் இருந்தது. நானே கைதட்டிவிட்டேன், என் அணித் தலைவர் முறைத்தார். ஆனால் அக்கா, வந்துபோன மாப்பிள்ளைக்கு ஐந்து பிள்ளைகள். கணக்குத் தெரிந்தவர்கள் சிரிக்கலாம், நான் கோயில் மண்டபத்தில் நிற்கிறேன்.

என் வாதம் என்று ஐந்து குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். இந்த ஒரு பேச்சுக்குப் பதில் சொல்வதற்காக ஐந்தையும் தூக்கிப் போடுகிறேன். பதில் என்னிடம் இல்லை, இந்த உறைக்குள் இருக்கிறது. மூத்த மகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எடுத்து வந்தேன். ஐயா பாலத்திலிருந்து வீட்டுக்கு எழுதின கடிதங்கள். தபாலில் போட மாட்டார். ரயில் கார்டு கையில் கொடுத்தனுப்புவார், அவர் ரங்கூனில் இறங்கி வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுப்பார். ஒரு கடிதம், ஆற்றில் வெள்ளம் வந்த ஒரு ஆவணி மாசத்தில் எழுதினது. 'அன்புள்ள' கிடையாது. தேதி போட்டு நேராகத் தொடங்குகிறது. படிக்கிறேன்.

"2ஆம் தூண் சரி. 3ஆம் தூண் சரி. தண்ணீர் நேற்றைவிட ஒன்றரை அடி ஏறியிருக்கிறது. 4ஆம் தூண் சரி. உனக்கு இருமல் நின்றதா. 5ஆம் தூணடியில் அரிப்பு, கல் கொட்டச் சொல்லியிருக்கிறேன். 6 சரி."

அவ்வளவுதான் கடிதம். கீழே கையெழுத்துக்கூட முழுசாக இல்லை, பாதிப் பேர்.

அக்கா, இதைப் படித்தால் என்ன சொல்வீர்கள்? 'பார், மனைவிக்கு எழுதும்போதும் பாலம்தான்' என்பீர்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். நாலாம் தூணுக்கும் அஞ்சாம் தூணுக்கும் நடுவில் ஐராவதி ஓடுகிறது என்றுதான் நாம் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே எஞ்சினியரம்மாவின் இருமல் ஓடியிருக்கிறது. வெள்ளம் ஏறுகிறது, அடியில் மண் அரிக்கிறது, கல் கொட்ட ஆள் தேட வேண்டும். அந்த அவசரத்தில் ஒரு தூணை எழுதி முடித்துவிட்டு அடுத்த தூணுக்குப் பேனா போகிற வழியில் நின்று, உனக்கு இருமல் நின்றதா என்று கேட்கிறார். கேள்விக்குறிகூடப் போடவில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லை. நம்மில் எத்தனை பேர் ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு பக்கத்தில் இருமுகிறவளைக் கேட்டிருக்கிறோம்? "சத்தம் போடாதே, தூங்கணும்" என்றுதான் சொல்லியிருப்போம். நான் சொல்லியிருக்கிறேன். அவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

மாப்பிள்ளை எழுதுகிற கடிதமா அக்கா இது? மாப்பிள்ளை 'கண்ணே' என்று எழுதுவான். ஐயா கண் என்று எழுதினால் அது பாலத்தின் கண். அதற்கு எஞ்சினியரம்மா எழுதின பதிலையும் கேளுங்கள், கார்டு கையிலேயே திருப்பி அனுப்பினது: "பெரியவள் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதுக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்தாச்சு. அத்தை சரி. தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. இருமல் சரி." இதற்கு மேல் என்ன தாம்பத்தியம் வேண்டும்? இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கொருவர் அறிக்கை அனுப்பிக்கொண்டார்கள்.

வீட்டில் இல்லாத அப்பா என்றீர்கள். 1987இல் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாது என்று ஆனபோது, கடைசி மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த பணம் பூராவும் அந்த நோட்டில் இருந்தது. ஐயா ஒரு வார்த்தை பேசவில்லையாம். அப்புறம் 45, 90 என்று விசித்திரமான நோட்டு அச்சடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதைக் கொண்டு வந்து பெரிய பேரனை உட்கார வைத்து ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். "பணம் போச்சு, வாய்ப்பாடாவது வரட்டும்." அந்தக் கல்யாணமும் நடந்தது. தன் மோட்டார் சைக்கிளை விற்றார், அடுத்த பல வருஷம் லைன் பார்க்க ட்ராலியிலும் நடையிலும் போனார். இதைச் சொன்னவர் அந்த மாப்பிள்ளை. அவருக்கே கல்யாணம் ஆகி நாலு வருஷம் கழித்துத்தான் தெரியுமாம்.

பாலத்துக்காரர்களுக்குப் பாலத்தாலேயே பதில் சொல்ல வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். நூறு மீட்டர் நீளமுள்ள இரும்புச் சட்டம், 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டிவிட்டால் தூணையே நெட்டித் தள்ளிவிடும். ஆகவே ஒரு முனையைத் தூணோடு பூட்டுவார்கள், மறுமுனையை உருளையின் மேல் உட்கார வைப்பார்கள், நகர்ந்துகொள்ளட்டும் என்று. இதை ஐயா எனக்கு ஒரு சாயாக் கடையில் இரண்டு கோப்பையையும் ஒரு ஸ்பூனையும் வைத்துக் காட்டினார். அக்கா, நீங்கள் உருளையில் இருக்கிற முனையை மட்டும் பார்த்துவிட்டு, இது நகர்கிறதே, வந்துபோகிறதே என்கிறீர்கள். பூட்டின முனை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது இன்செயினில், அந்தத் தொட்டில் தொங்கின வீட்டில் இருந்தது.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் தம்பி, நிலநடுக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். நல்ல பிள்ளை. நானும் அதை வாதமாக வைக்க மாட்டேன். 2025 மார்ச் 28 மத்தியானம் அந்தப் பாலத்தின் கண்கள் ஆற்றில் இறங்கின. அன்று நம் நாட்டில் போன உயிர்கள் ஆயிரக்கணக்கில். 'பாலம் விழுந்தது, குடும்பம் நிற்கிறது, தீர்ப்புச் சொல்லுங்கள்' என்று இங்கே நின்று சொன்னால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும், அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். பேரன் போனில் அந்தப் படத்தை ஐயாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு. கடைசியில் காட்டினார்கள். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மேலே ஆள் இருந்ததா?" என்று கேட்டார். பேரனுக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் ஐயா எத்தனையாவது கண் என்றுகூடக் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மணி அடிக்காதீர்கள் என்று சொன்னேனே. சரி, இன்னும் ஒன்றுதான்.

1964ஐப் பற்றி எதிரணித் தலைவர் சொன்னார். கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 சாட் நோட்டு செல்லாமல் போனது, நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் மெட்ராஸ் கப்பல் ஏறினார்கள். ஐயாவின் தம்பிகள் இரண்டு பேரும் போனார்கள். ஐயா மட்டும் போகவில்லை. 'ஏன்? பாலத்தை விட்டுப் போக மனசில்லை' என்றார் தலைவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

1942. ஐயாவுக்கு 11 வயது. ரங்கூனில் குண்டு விழுந்து இரண்டு மாசம். நம் ஜனங்கள் எல்லாரும் இந்தியாவுக்கு நடக்கிறார்கள். ஐயாவின் அம்மாவுக்குக் கைக்குழந்தை, பிரசவமாகிப் பத்து நாள். நடக்க முடியாது. ஐயாவின் அப்பா அரிசி ஆலையில் குமாஸ்தா. அவருடைய தங்கை புருஷனை இழந்து மூன்று பிள்ளையோடு இருந்தாள். "இவளைப் புரோம் தாண்டி, டாங்கப் கணவாய் தாண்டி, அரக்கான் கரையில் படகு ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன். அதற்குள் உனக்கும் உடம்பு தேறிவிடும், அப்புறம் நாம் போகலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்தது, இரண்டு சாவி. ராத்திரியில் வந்தால் உன்னை எழுப்ப வேண்டாமே என்று ஒரு சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு போனார். மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் விழுந்தது. அவர் வரவில்லை. தங்கையும் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த தகவலும் வரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் கழித்து எல்லாரும் கப்பலுக்கு மூட்டை கட்டும்போது அந்த அம்மா சொன்னார்களாம்: "நீங்கள் போங்கள். அவர் சாவியோடு வருவார். பூட்டு இல்லாவிட்டால் எந்த வீடு என்று எப்படித் தெரியும்?"

ஐயா தம்பிகளைக் கப்பல் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். அம்மாவிடம் எதுவும் வாதாடவில்லை. பின்னால் மர வீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டினார். புதுக் கதவு, உள்ளே புதுப் பூட்டு. ஆனால் வெளியில் அதே பழைய நாதாங்கி, அதே திண்டுக்கல் பூட்டு. மாசம் தவறாமல் அமாவாசையன்று சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்து, பூட்டின் துவாரத்தில் இரண்டு சொட்டு விடுவார், அம்மாவின் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பார். துருப்பிடிக்கக் கூடாது, வருகிறவர் கை வலிக்கக் கூடாது. லைனில் இருக்கும் மாசத்தில் எஞ்சினியரம்மா விடுவார்கள். கடிதத்தில் கடைசி வரியாக எழுதுவார்கள், 'பூட்டு சரி.'

அந்த அம்மா போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எஞ்சினியரம்மாவும் போய்விட்டார்கள். அதற்கப்புறமும் ஐயா எண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருந்தார். போன வருஷம் எழுந்திருக்க முடியாதபோது பேரனைக் கூப்பிட்டு விடச் சொன்னார். "யாருக்காகத் தாத்தா?" என்று அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். வேண்டாத கேள்வி. ஐயா என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தை விரலால் தட்டினார்.

இன்று காலை திவசத்துக்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் கொள்ளுப்பேரன் நிற்கிறான், ஆறு வயது. கையில் எண்ணெய்க் குப்பி. இரண்டு சொட்டு என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். பையனுக்கு இன்னும் அளவு தெரியவில்லை. பூட்டு, கதவு, முக்காலி, என் செருப்பு, எல்லாம் எண்ணெய்.

நன்றி, வணக்கம்.